பாட்டு மலையேறட்டும்!

கொடைக்கானல் கோபுரத்திலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு நாள்தோறும் பாட்டு இறங்குகிறது. பள்ளத்தாக்கின் பாட்டு மேலே ஏறுவது எப்போது?

ஆடி மாதத்துச் சனிக்கிழமையில் குச்சனூருக்கு வழி கேட்க வேண்டியதில்லை. சின்னமனூரைத் தாண்டினால் காதே கூட்டிக்கொண்டு போய்விடும். சுரபி நதியில் முழுகி எழுந்து, சுயம்பு சனீஸ்வரனுக்கு எள் விளக்கேற்ற நிற்கும் வரிசையின் தலைக்கு மேலே மைக்செட்டுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒரு குழாயில் சனீஸ்வரன் துதி, அடுத்த குழாயில் அன்னதான அறிவிப்பு, கொஞ்சம் தள்ளி நேர்த்திக்கடனுக்கு வந்த கூட்டத்தின் உறுமி. எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஒரு பஸ் ஹாரன்.

ஆடி முடிந்ததும் குழாய்களைக் கழற்றிவிடுவார்கள். ஊர் வயலுக்குத் திரும்பும். அப்போதுதான் இந்தப் பக்கத்தின் இன்னொரு சத்தம் காதில் விழும். டீக்கடை அலமாரி மேல், தையல் மிஷின் பக்கத்தில், தோட்டத்து மோட்டார் ரூமின் ஆணியில், மாட்டுக் கொட்டகைத் தூணில் என்று சின்னச் சின்னப் பெட்டிகளிலிருந்து கசியும் சத்தம். ‘கோடை எஃப்.எம்.’ என்பார்கள். ‘நூறு புள்ளி அஞ்சு’ என்றாலும் புரியும். ஆகாசவாணியின் கொடைக்கானல் பண்பலை. காசு கேட்காது, ரீசார்ஜ் கேட்காது. கை வேலையாக இருக்கும்போது காதை மட்டும் கேட்கும்.

அந்தப் பெட்டியில் புதிதாக என்ன பாட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், செல்போன் வந்துவிட்டது, தனியார் எஃப்.எம்.கள் கலகலவென்று பேசுகின்றன. ஆகவே வானொலி புதுப்பாட்டுப் போட வேண்டும் என்று சொல்வது சுலபம். ஆனால் நேற்று வந்த சினிமாப் பாட்டை இன்று போடுவதற்குப் பொது வானொலி எதற்கு? அது எந்தப் போனிலும் கிடைக்கும். வேறெங்கும் கிடைக்காத புதுசு ஒன்று உண்டா? உண்டு. இந்தப் பள்ளத்தாக்கின் கதையைப் பார்த்தால், அந்தப் புதுசு எப்போதும் வானொலி நிலையத்தின் கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறது.

மலையே கோபுரம்

முதலில் அந்தப் பெட்டிக்குப் பாட்டு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். பண்பலை அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி. நேராகப் போகும், பூமி வளையும் இடத்தில் வளைந்து தொடராது. சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரம் கட்டினால் அதன் கண்ணுக்கு எட்டுவது 40 கிலோமீட்டர் சொச்சம். கொடைக்கானலோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் தரையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டாலும் அடிவானம் 160 கிலோமீட்டரைத் தாண்டிப் போகிறது. அதோடு 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். தேனி, திண்டுக்கல், மதுரை என்று மாவட்டம் மாவட்டமாக இந்த ஒரு நிலையம் ஒலிப்பதற்குக் காரணம், கோபுரத்தில் பாதியை மலையே கட்டிக் கொடுத்துவிட்டதுதான்.

அதே மலைதான் இடைஞ்சலும். மேற்கே கேரளத்து ஏலமலை, கிழக்கே மேகமலை, வருசநாட்டுக் குன்றுகள். நடுவில் ஒரு கரடு மறித்தால் பாட்டு இரைச்சலாகிவிடும். 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். அதனால்தான் பெட்டியை நாலடி தள்ளி வைத்தால், ஏரியலைக் கொஞ்சம் சாய்த்தால், போன குரல் திரும்பி வருகிறது. எந்தத் திண்ணையில் எந்த மூலையில் வைத்தால் ‘எடுக்கும்’ என்பது அந்தந்த வீட்டுக்குத் தெரியும்.

குச்சனூரிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் கொடைக்கானல் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து பேசினால் இங்கே கேட்கும். இங்கே பாடினால் அங்கே கேட்காது. கோபுரத்துக்கு வாய் மட்டுமே உண்டு. காதை மனிதர்கள்தான் கொடுக்க வேண்டும்.

நானூறு ரூபாய் ரேடியோ

இந்தப் பள்ளத்தாக்கில் ரேடியோவுக்கு ஒரு புராணம் உண்டு. அதைச் சொல்லாமல் இங்கே யாரும் வானொலி பற்றி எழுத முடியாது. குச்சனூர் போலவே உத்தமபாளையம் வட்டாரத்து ஊர் பண்ணைப்புரம். 1960களின் இறுதியில் அங்கிருந்து பிள்ளைகள் சினிமாவுக்கு இசையமைக்க மெட்ராஸ் கிளம்புகிறார்கள். கையில் காசில்லை. தாய் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் மொத்தத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புகிறார். இளையராஜா மேடைகளில் சொல்லிச் சொல்லி ஊர் அறிந்த கதை இது.

அந்த வீட்டில் சுமக்கத்தக்க சொத்து ரேடியோதான் என்பது ஒரு செய்தி. அதைக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் வெளியுலகத்து இசையை அறிந்தார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அந்த ரேடியோ அவர்களுக்குப் பாடியதே தவிர, அவர்கள் பாடியதைக் கேட்கவில்லை. அண்ணன் பாவலர் வரதராஜனின் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த பையன் இளையராஜா. பாட்டாளிகள் கூடி நின்று கேட்ட, அந்தக் காலத்தின் ஆகப் புதிய பாட்டு அது. வானொலியிலோ அந்த வாத்தியத்துக்கே இடமில்லாத காலம்.

கதவுக்கு வெளியே நின்றவை

ஆல் இண்டியா ரேடியோ என்று 1936இல் பெயர் பெற்ற ஆகாசவாணி, 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கட்டை கட்டையாக நிற்கும் அதன் சுரங்களில் நம் கமகம் வழுக்காது, வெளிநாட்டுப் பெட்டி நம் குரலைக் கெடுத்துவிடும் என்பது வாதம். தாகூர் போன்றவர்களும் அந்த வாத்தியத்தை வெறுத்தவர்கள்தான். வாதத்தில் இசை நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் கட்சி மேடையும் அந்தப் பெட்டியை நம்பித்தான் பாடிக்கொண்டிருந்தன. தடை தளரத் தொடங்கியது 1971இல்தான். முப்பது வருடத்துக்கு நாட்டின் தெருப்பாட்டில் பெரும்பகுதியை நாட்டின் வானொலி வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

அடுத்தது சினிமாப் பாட்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய இசையை வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கனவு. அகில பாரத இசை நிகழ்ச்சி அதே ஆண்டில் தொடங்கியது. ரவிசங்கரும் டி.கே. ஜயராம ஐயரும் நடத்திய தேசிய வாத்தியக் குழுவும் அதே ஆண்டில் பிறந்தது. அவை பெரிய காரியங்கள். கூடவே, சினிமாப் பாட்டின் நேரம் வெட்டப்பட்டது. பாட்டுக்கு முன் படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதுவும் நின்றது. தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அநேகமாக வற்றிப்போனது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊசியைத் திருகினார்கள். 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலி, போர்க்காலத்தில் நேசப்படைகளுக்காக அமைத்த பலத்த சிற்றலை டிரான்ஸ்மிட்டரைப் பெற்று, ரேடியோ சிலோனாக நின்றது. அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ வடக்கை அள்ளியது. தமிழ் ஒலிபரப்பு தெற்கை அள்ளியது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரை முகம் தெரியாமலே சொந்தக்காரர் மாதிரி நேசித்த தலைமுறை தென் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. ‘சிலோன் எடுக்குதா?’ என்பது அந்தக் காலத்துக் குசலம்.

போன நேயர்களைத் திருப்பிக் கூப்பிட, 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி பிறந்தது. ஐந்து வருடத்தில் பிடிவாதம் இறங்கியது என்றும் சொல்லலாம், பாடம் படித்தது என்றும் சொல்லலாம். இரண்டு தடைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். ஆர்மோனியம் வேண்டாம், சினிமா வேண்டாம் என்று வானொலி மூடிய இரண்டு கதவுகளுக்கும் வெளியே, பண்ணைப்புரத்தில் ஒரு பையன் ஆர்மோனியத்தோடு வளர்ந்துகொண்டிருந்தான். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அதே வானொலிகள் போட்டி போட்டுக்கொண்டு அவன் பாட்டை ஒலிபரப்பின. 2025 மார்ச் 8 அன்று அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.

வானொலி விதைத்த நெல்

அதற்காக ஆகாசவாணியை வில்லனாக்கிவிட்டுப் போக முடியாது. சினிமாவுக்கு மாற்றாக அது தொடங்கிய மெல்லிசைப் பிரிவுகள், கவிஞர்களையும் வித்வான்களையும் உட்கார வைத்துப் புதுப்பாட்டுகளை உண்டாக்கின. கச்சேரிக்குப் போக வழியில்லாத வீட்டுப் பெண்கள் ‘இசைப் பயிற்சி’ கேட்டு நோட்டில் எழுதிக் கீர்த்தனை கற்றார்கள். சிவகங்கைச் சீமையில் வயக்காட்டில் பாடிக்கொண்டிருந்த கொல்லங்குடி கருப்பாயி முதலில் வானொலியில் பாடினார். 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். மைக்கை அவர் பக்கம் திருப்பியது பொது வானொலி.

நெல் விளையும் ஊருக்குப் பொருத்தமான இன்னொரு கதையும் உண்டு. 1960களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தது. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சைப் பக்கத்து விவசாயிகள் அதைப் பயிரிட்டார்கள். ஆராய்ச்சிப் பண்ணை வைத்த பெயர் யாருக்கும் ஒட்டவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றே ஊர் கூப்பிட்டது. கேட்டதை நம்பி வயலில் ஊன்றும் அளவுக்கு அந்தக் குரலுக்கு மதிப்பு இருந்தது. அதற்கு ஒரு காரணம், அந்த நிகழ்ச்சிக்காரர்கள் ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. வரப்பில் இறங்கி விவசாயியிடம் கேட்டார்கள். அவர் குரலையே பதிவு செய்து அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நெல்லுக்குச் செய்ததைப் பாட்டுக்கும் செய்யலாம்.

இன்று வாசலில் யார்?

விடியற்காலம் நாலரை, ஐந்து மணிக்குக் கம்பத்திலும் போடியிலும் நின்று பார்க்க வேண்டும். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறும். ஒவ்வொரு ஜீப்பிலும் பாட்டு. அதில் சினிமா பாதி. மீதியில் ஊர்ப் பையன்கள் சொந்தமாக எழுதி, யார் வீட்டு மச்சிலோ பதிவு செய்து, போனுக்குப் போன் அனுப்பிய பாட்டு இருக்கும். குலசாமிப் பாட்டு, கபடிக் குழுப் பாட்டு, காதல் தோல்வி, ஜல்லிக்கட்டு மாட்டைப் பற்றிய பாட்டு. சிலது சகிக்காது. சிலது கேட்டவுடன் நிமிர வைக்கும்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் ஒரே சமயத்தில் விழிக்கும். நடவு மிஷின் வந்த வயலில் பாட்டு இல்லை. மிஷின் இறங்காத சேற்றில் இன்னும் பெண்கள் குனிந்து நடுகிறார்கள். கூட யாராவது ஒரு பெரியம்மா எடுத்துக் கொடுத்தால் குலவையும் வரும். முளைப்பாரிக்குக் கும்மி இருக்கிறது. தேவராட்டத்துக்கு உறுமி இருக்கிறது. சாவு வீட்டில் ஒப்பாரிக்கு ஆள் தேடும் நிலை வந்துவிட்டது என்றாலும் ஒப்பாரி இருக்கிறது.

இவர்களில் ஒருவர் ஆகாசவாணியில் பாட வேண்டுமானால் வழி உண்டு. விண்ணப்பம், குரல் தேர்வு, தேறினால் கிரேடு. பி, பி-ஹை, ஏ, டாப் என்று படிக்கட்டு. முகத்தைப் பார்க்காமல் குரலை எடைபோடும் நேர்மையான முறை அது. சிபாரிசில்லாத எத்தனையோ பேருக்கு வாழ்வு கொடுத்ததும் அதுதான். ஆனால் அது வருகிறவரைத் தேர்வு செய்யும் முறை. வராதவரைத் தேடும் முறை இல்லை. நடவு முடிந்து கால் கழுவும் பெரியம்மா விண்ணப்பப் படிவம் வாங்க மாட்டார். மச்சில் பதிவு செய்யும் பையனுக்குத் தன் பாட்டு எந்தப் பிரிவில் சேரும் என்றே தெரியாது. நாட்டுப்புறம் என்றால் கிடார் இருக்கிறது, மெல்லிசை என்றால் உறுமி இருக்கிறது. ஒரு காலத்தில் ஆர்மோனியம் நின்ற அதே வாசலில் இன்று நிற்பது இந்தப் பாட்டு. யாரும் தடை போடவில்லை. கதவு எங்கே என்று சொல்லவும் ஆளில்லை.

தனியார் எஃப்.எம். இதைச் செய்யுமா என்று கேட்கலாம். விளம்பரத்தில் வாழ்கிற நிலையம், தெரிந்த பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடும். தெரியாத பாட்டு வந்தால் நேயர் ஊசியைத் திருகிவிடுவார் என்ற பயம் அதற்கு நியாயமானது. 1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. பொதுச் சொத்தைப் பொதுப் பணத்தில் நடத்தும் நிலையத்துக்குத்தான், தெரியாத பாட்டைப் போடும் தைரியம் கட்டுப்படியாகும்.

அயலூர்க் கணக்கு

இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பொது வானொலியின் இளைஞர் அலைவரிசை ‘டிரிபிள் ஜே’. சிட்னி, மெல்போர்ன் குழுக்களையே சுற்றிச் சுற்றி வந்தால் நாடு எங்கே என்று யோசித்து, 1995இல் ‘அன்எர்த்ட்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தோண்டி எடுத்தது என்று பொருள். மாநகரங்களை விட்டுவிட்டுச் சிற்றூர்ப் பக்கம் போய், இசை நிறுவன ஒப்பந்தமே இல்லாத குழுக்களைப் பாட்டு அனுப்பச் சொன்னார்கள். முதலில் தேறிய ‘கிரின்ஸ்பூன்’ லிஸ்மோர் என்ற சின்ன ஊர்க் குழு. பிற்பாடு நாடறிந்த பெயர். பி.பி.சி.யில் ஜான் பீல் என்ற ஒரு மனிதர், 1967 முதல் 2004இல் சாகும்வரை, முன்பின் தெரியாதவர்கள் தபாலில் அனுப்பிய கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஒலிபரப்பினார். அவர் செய்ததை நிறுவனமே செய்யட்டும் என்பதுபோல 2007இல் ‘பி.பி.சி. இன்ட்ரட்யூசிங்’ வந்தது. யாரும் பாட்டை ஏற்றலாம். அந்தந்த வட்டார நிலையம் முதலில் கேட்கும். பிடித்ததை மேலே அனுப்பும்.

இந்த மூன்றிலும் பொதுவான சங்கதி, கேட்பதற்கென்று ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பது. செலவு அவ்வளவுதான்.

நம் ஆகாசவாணியும் சும்மா இல்லை. 2016 குடியரசு நாளில் சாஸ்திரிய இசைக்கென்றே 24 மணி நேர ‘ராகம்’ அலைவரிசையைத் தொடங்கியது. 2025 வசந்த பஞ்சமியன்று கலாசார அமைச்சகத்தோடு சேர்ந்து ‘ஹர் கண்ட் மேம் பாரத்’ என்ற சாஸ்திரிய இசைத் தொடரை 21 நிலையங்களில் ஒலிபரப்பத் தொடங்கியது. ஒவ்வொரு கண்டத்திலும், அதாவது தொண்டையிலும், பாரதம் என்று பெயர். பெயர் அழகு. அந்த ஒவ்வொரு கண்டத்தில் முளைப்பாரிக் கும்மி எடுத்துக் கொடுக்கும் கண்டமும் உண்டு.

ஒரு மணி நேரம் போதும்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம். ஒரு பதிவுக் கருவி, ஒரு ஜீப், தமிழ்க் காதுள்ள இரண்டு பேர். ஒரு வாரம் குச்சனூர், ஒரு வாரம் கூடலூர், ஒரு வாரம் வருசநாடு. வயலில் பாடுவதை வயலிலேயே பதிய வேண்டும். ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தால் அந்தக் குரல் கூச்சத்தில் பாதியாகிவிடும். மச்சுப் பையன்கள் போனிலேயே அனுப்ப ஒரு எண் கொடுக்க வேண்டும். பாடியவர் பெயரும் ஊரும் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒலிக்க வேண்டும். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்ற பழைய பிழையை வேறு உருவில் மறுபடி செய்யக் கூடாது. அதோடு சன்மானம். சின்னத் தொகையானாலும் காசோலையாகக் கையில் வருவது, ‘நீ பாடுவது வேலை’ என்று சர்க்கார் கையெழுத்துப் போட்டுச் சொல்வதாகும்.

நேயர் கேட்பாரா? போன் இன் நிகழ்ச்சிகளைக் கவனித்தால் விடை இருக்கிறது. அழைக்கிறவர் முதலில் சொல்வது பெயர், அடுத்து ஊர், அப்புறம் இன்று என்ன வேலை என்பது. பாட்டைக் கேட்பது கடைசியில். அதையும் மாமனுக்கு, மதினிக்கு, கூட வேலை பார்க்கும் அக்காவுக்கு என்று பெயர் சொல்லிச் சமர்ப்பித்துவிட்டுத்தான் வைப்பார்கள். தன் ஊர்ப் பெயர் ரேடியோவில் வர வேண்டும் என்பதுதான் அந்த அழைப்பின் உயிர். பெயருக்கே அந்தச் சந்தோஷம் என்றால், ஊரின் பாட்டே வந்தால்? அப்படி வந்த பாட்டு பள்ளத்தாக்கோடு நிற்கவும் நிற்காது. பிரசார் பாரதியின் செயலியில் நாட்டின் 200க்கும் மேற்பட்ட நிலையங்கள் வருகின்றன. துபாயில் வேலை பார்க்கும் சின்னமனூர்க்காரருக்கு மலை மறைக்காது.

இந்த ஊருக்கு இது புதிய கணக்கும் இல்லை. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை 1895இல் கிழக்கே திருப்பித்தான் குச்சனூர் வயல்கள் இருபோகமாயின. ஓடும் திசையை மாற்றினால் என்ன விளையும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஒரு வார்த்தை மட்டும் பாக்கி. எள் விளக்கு அணைந்தால் ‘அணைஞ்சிருச்சு’ என்று கோயிலில் சொல்ல மாட்டார்கள். ‘மலையேறிருச்சு’ என்பார்கள். வந்து ஆடிய சாமி இறங்கினாலும் மலையேறியதாகத்தான் பேச்சு. அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் மலையேறிப் போச்சு என்று பெருமூச்சு விடும்போதும் அதே வார்த்தைதான். இந்தப் பள்ளத்தாக்கில் அந்த வார்த்தைக்கு இன்னொரு பொருள் காத்துக்கொண்டிருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் உண்மையாகவே ஒரு மலை இருக்கிறது. அதன் மேல் ஒரு கோபுரம் இருக்கிறது. கோபுரத்துக்குக் கீழே ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. பாட்டு அங்கே ஏறட்டும். நூறு புள்ளி அஞ்சில் திரும்பி இறங்கும்போது, மோட்டார் ரூம் ஆணியில் தொங்கும் பெட்டியைக் குச்சனூர் கொஞ்சம் சத்தமாக வைக்கும்.